அமிலமும் காரமும் சேர்ந்தால் ஜீரோ

போன மாதம் திருவள்ளூரில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர்களான உங்கள் பயிற்சி முகாமில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் என்றார்கள். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவளுக்குப் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? மைக்கைச் சரி செய்து, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்துவிட்டார்கள். படியிறங்கும்போது உங்களில் ஒரு பெண் ஓடி வந்து, "மேடம், பசங்க மனசுல டக்குனு நிக்கற மாதிரி ட்ரிக் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க மேடம்" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

கிழவிக்குத் திமிர் என்று நினைத்திருப்பாள். திமிர் கொஞ்சம் உண்டுதான், அதை இந்த வயதில் மறைத்து என்ன செய்வது? ஆனால் அன்றைக்கு வாய் மூடிப் போனது திமிரால் இல்லை. அவள் கேட்ட மாதிரி ஒரு ட்ரிக் என்னிடம் இருந்தது. மாவட்டத்திலேயே எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ட்ரிக். அது ஒரு பிள்ளையின் அம்மா கையை வேக வைத்தது. அதைப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

நான் கடைசிப் பதினைந்து வருடம் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு அரசுப் பள்ளி. பொன்னேரியில் காலை ரயில் ஏறுவேன். கவரைப்பேட்டை வரைக்கும் ஜன்னலில் நெல் வயல், அதற்கப்புறம் புகைபோக்கிகள். பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். ஷிப்டுக்குப் போகும் கம்பெனிப் பெண்கள் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர் இவ்ளோ செவப்பா கீது, பாவம், பாஸ் போட்டு உடுங்க" என்பார்கள். ஒருத்தி தன் டப்பாவிலிருந்து இட்லியை எடுத்து என் கையில் திணித்தபடி, "நாஷ்டா துன்னுட்டு திருத்துங்க, மார்க்கு தானா வரும்" என்பாள். அந்த ரயிலை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை வேலையே இல்லாமல் அதில் ஏறி கும்மிடிப்பூண்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். வீட்டில் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

எங்கள் ஆய்வகம் என்பது ஒரு அறையில் பாதி. மீதிப் பாதியில் உடைந்த பெஞ்சுகள். ஒரு மர பீரோ, அதில் மூடி இறுகிப்போன பாட்டில்கள், ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு சோதனைக் குழாய்கள். அந்தப் பீரோவைத் திறந்தால் வரும் காட்டமான நெடி எனக்கு அப்படிப் பிடிக்கும்.

ஒரு வருடம் கணக்கு ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு பள்ளிப்பட்டுப் பக்கம் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியலோடு இயற்கணிதமும் என் தலையில் விழுந்தது. x + 5 = 12 என்று கரும்பலகையில் எழுதி, "அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்" என்று சொல்லிக் கொடுத்தேன். நாம் எல்லோரும் அப்படித்தானே படித்தோம்? பிள்ளைகள் கடகடவென்று போட்டார்கள்.

மேல் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெரிய சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தாழ்வாரத்தில் போகும்போது என் வகுப்பைக் கேட்டிருக்கிறார். மதியம் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, அந்த அஞ்சு எப்டி அந்தாண்ட போச்சு? நடந்து போச்சா, ஷேர் ஆட்டோ புடிச்சிக்கினு போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"எதுவும் எங்கயும் போகலம்மா. ரெண்டு பக்கத்துலயும் அஞ்ச எடுத்தோம். அவ்ளோதான் நடந்துச்சு. நடந்தத சொல்லு."

"அத விளக்கினா ஒரு பீரியடு போயிடும் சார். ட்ரிக்க சொன்னா ரெண்டு நிமிஷம். பாஸ் ஆனா போதும் சார் எங்க பசங்களுக்கு."

அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "நடுவுல நடந்தத நீ முழுங்கிட்டுப் போற. முழுங்கினது ஒரு நாள் எதுக்களிக்கும் பாரு" என்றார். வயசானவர், ஏதோ பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அமிலம், காரம் பாடம் வந்தது. இயற்கணிதத்தில் கூட்டல் ஐந்தும் கழித்தல் ஐந்தும் சேர்ந்தால் பூஜ்யம் என்று அப்போதுதான் முடித்திருந்தேன். எனக்கு மின்னல் அடித்த மாதிரி ஒரு யோசனை. அமிலத்தை ப்ளஸ் என்றேன், காரத்தை மைனஸ் என்றேன். "ரெண்டும் மோதிக்கிட்டா?" என்று நான் கேட்க, நாற்பது பிள்ளைகளும் "ஜீரோ!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும், இரண்டுமே சாதுவான பொருள் என்றேன். வீட்டிலிருந்தே உதாரணம் கொடுத்தேன்: பாத்ரூம் கழுவுகிற ஆசிட் அமிலம், சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு காரம். தலைமையாசிரியர் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்று தலையாட்டிவிட்டுப் போனார். பாடப் புத்தகத்தில் அந்தச் சமன்பாட்டுக்குக் கீழே 'இவ்வினையில் வெப்பம் வெளிப்படும்' என்று ஒரு வரி இருந்தது. தேர்வில் அதைக் கேட்பதே இல்லை, அதனால் தாண்டிவிட்டேன்.

அன்றைக்கு மணியடிக்கும் நேரத்தில் எஸ்தர் எழுந்தாள். முதல் பெஞ்சுப் பெண், கேள்வி கேட்காமல் இருக்க மாட்டாள். அவளுடைய நைனா, அதாவது அப்பா, தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய்களை அமிலத் தொட்டியில் முக்கித் துரு எடுக்கும் வேலையில் இருந்தார். அம்மா வேறொரு கம்பெனியில் பேக்கிங். தாத்தா காலத்தில் பிறத்தியார் வயலில் நடவு நட்ட குடும்பம், அதில் ஒன்பதாவதைத் தொட்ட முதல் பெண் இவள்.

"மிஸ், எங்க நைனா மேல ஆசிட் தெறிச்சா கை எரியுதுன்னு சொல்வாரு. அப்போ சுண்ணாம்பு வச்சா ஜீரோ ஆயிடுமா மிஸ்?"

மணி அடித்துவிட்டது. எனக்கு அடுத்த வகுப்பு மாடியில். கையில் சாக்பீஸ் டப்பா, கக்கத்தில் நோட்டுக் கட்டு.

"ஆமா ஆமா, உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அறிவியல் தேர்வன்று எஸ்தரின் இடம் காலியாக இருந்தது. ஜுரமாக இருக்கும் என்று நினைத்தேன். தேர்வு முடிந்ததும் அவள் பக்கத்து வீட்டுப் பெண் கௌரி என்னிடம் வந்தாள். அவள் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

கிறிஸ்துமஸுக்காக எஸ்தர் வீட்டில் சனிக்கிழமை வெள்ளையடித்திருக்கிறார்கள். பக்கெட்டில் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தது. அந்தப் பக்கம் நிறைய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, கம்பெனியிலிருந்து கொஞ்சம் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்து பாத்ரூம் கழுவுவார்கள். எஸ்தரின் அம்மா கழுவும்போது பாட்டில் நழுவி, வலது புறங்கை முழுக்கக் கொட்டிவிட்டது. அந்தம்மா அலறினதும் கௌரியின் அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். எஸ்தர் குறுக்கே நின்று தடுத்துவிட்டாள்.

"'தண்ணி ஊத்தாதீங்க ஆண்ட்டி, தண்ணி ஊத்தாதீங்க, எனக்குத் தெரியும், இது ஜீரோ ஆயிடும்'னு சொல்லிக்கினே சுண்ணாம்ப அள்ளி அள்ளி வச்சிச்சு மிஸ். அவங்கம்மா இன்னும் கத்தினாங்க. தோலே உரிஞ்சிக்கினு வந்துடுச்சு மிஸ்."

விடைத்தாள் கட்டை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் வேதியியல் படித்தவர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆசிட்டின் மேல் சுண்ணாம்பைப் போட்டால் வினையோடு சூடு கிளம்பும், சுண்ணாம்பே தன் பங்குக்குத் தோலை அரிக்கும். பத்திருபது நிமிடம் குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தால் பாதிக் காயம்கூட இருந்திருக்காது. தண்ணீர் பக்கத்திலேயே குடத்தில் இருந்தது. தடுத்தது நான்.

பெரிய சாரிடம் போய்ச் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன் பார்' என்று அவர் சொல்வார் என்று தயாராகப் போனேன். அவர் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு எங்க கீது இப்போ?" என்று கேட்டார்.

"வீட்ல சார். அம்மாவ பெரிய ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துட்டாங்களாம்."

"கைய டாக்டர் பாத்துப்பாரு. பொண்ண யாரு பாக்கறது? போம்மா, போய்ப் பாரு."

நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "நீங்களா போய் எதையும் ஒத்துக்காதீங்க மேடம். புகார் எழுதிக் குடுத்துட்டாங்கன்னா விசாரணை, அது இதுனு ஒரே பேஜாரு. பொண்ணு தப்பா புரிஞ்சிக்கிச்சு, அவ்ளோதான்." அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தித்தித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரையாண்டு விடுமுறை முழுக்க வீட்டில் இருந்தேன். கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தெருமுனைச் சர்ச்சில் பாட்டுக் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் போகவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் பள்ளி திறந்தது. எஸ்தர் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை.

"அது இனிமே வராது மிஸ்" என்றாள் கௌரி. "அதோட நைனா புக்கெல்லாம் எடைக்குப் போடச் சொல்லிட்டாரு. அதுவே வரமாட்டேன்னு சொல்லிடுச்சு. எதக் கேட்டாலும் பேச மாட்டேங்குது மிஸ்."

அன்றைக்கு மாலையே கௌரியைக் கூட்டிக்கொண்டு போனேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசை வீடுகள். எஸ்தர் வீட்டுச் சுவர் பாதி வரைக்கும் வெள்ளையாக இருந்தது, மீதி பழைய அழுக்கு. அன்றைக்கு நிறுத்தினது அப்படியே நின்றிருந்தது. வாசலில் அந்தச் சுண்ணாம்பு பக்கெட், உள்ளே காய்ந்து வெடித்துப்போய். அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அவள் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா பாயில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. எஸ்தர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். என் குரல் கேட்டும் திரும்பவில்லை.

"வாங்க டீச்சர்" என்றார் அப்பா. "படிக்க வச்சோம். படிச்சிட்டு பெத்தவ கைய வேக வச்சிடுச்சு. போதும், ஊட்டப் பாத்துக்கினு கெடக்கட்டும்."

எஸ்தர் திரும்பாமலேயே பேசினாள். "மிஸ் மேல ஒண்ணும் இல்ல நைனா. நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன்."

தலைமையாசிரியர் சொன்ன அதே வாக்கியம். அவளாகவே எனக்குக் கொடுக்கிறாள். 'ஆமாம், குழந்தை தப்பாகப் புரிந்துகொண்டது, மன்னித்து அனுப்புங்கள்' என்று நான் சொன்னால் போதும், நான் தப்பித்துவிடுவேன். ஒருவேளை அவளைப் பள்ளிக்கும் அனுப்பியிருப்பார்கள். ஆனால் அம்மாவின் கையைத் தான்தான் கெடுத்தோம் என்ற நினைப்போடு அவள் காலம் முழுக்க இருப்பாள். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது.

"இல்ல எஸ்தர்" என்றேன். "நீ சரியா கேட்ட. சுண்ணாம்பு வச்சா ஜீரோ ஆயிடுமான்னு கேட்ட. நான்தான் ஆமான்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு."

களைகிற சத்தம் நின்றுவிட்டது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? அப்போ நீங்கதானா? இத்தினி நாளா எங்க போயிருந்தீங்க? இப்போ நான் எழுதிக் குடுத்தா உங்க வேலை இன்னா ஆவும் தெரியுமா?"

என் கோபத்தைப் பற்றி என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். 'ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்?' என்ற கேள்வி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நியாயமான கேள்வி. கேட்டிருந்தால் அந்த மனிதர் வாயடைத்துப் போயிருப்பார். அத்தோடு அந்தக் கதவும் எனக்கு அடைத்திருக்கும், எஸ்தருக்கும். அதை விழுங்கினேன். என் முப்பத்திரண்டு வருடத்தில் நான் விழுங்கினவற்றில் எதுக்களிக்காத ஒன்று அதுதான்.

"எழுதிக் குடுங்க" என்றேன். "என் பேரு, பதவி எல்லாம் நானே சொல்றேன். பொண்ண மட்டும் நிறுத்தாதீங்க."

பாயிலிருந்து அந்தம்மாதான் பேசினார்.

"யோவ், சும்மா கத்தாதய்யா, குந்து. ஆசிட்ட பாட்டில்ல புடிச்சிக்கினு வந்தது யாரு? நீ. சுண்ணாம்ப வச்சது உம் பொண்ணு. பாதிய சொல்லிட்டுப் போனது இந்த டீச்சரம்மா. மூணு பேரும் நல்லது பண்றேன்னுதான் பண்ணீங்க. எங் கைதான் பூடுச்சு."

அவர் உட்கார்ந்தார். அந்தம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் இருந்தார், அதில் சந்தேகம் வேண்டாம்.

"பாதி தெரிஞ்சதுக்கே இந்தக் கதி டீச்சரம்மா. இதோட நிறுத்திக்கினா மீதிய யாரு சொல்லிக் குடுப்பா அதுக்கு? நானா? இந்த ஆளா? நாளைக்கு நானே அத ஸ்கூலுக்கு இட்டாறேன். மீதி இன்னான்னு நானும் குந்திக் கேக்கறேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று கூடச் சொல்லவில்லை அவர்கள்.

மறுநாள் சொன்னபடியே வந்தார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மகளை முன்னால் விட்டு. முதல் பெஞ்சில் எஸ்தருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கணவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அவர் கடைசி வரைக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தம்மாவுக்குக் காயம் ஆறியது, ஆனால் இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவே இல்லை, பேக்கிங் வேலை போய்விட்டது. அதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நான் பீரோவைத் திறந்து இரண்டு நீர்த்த கரைசல்களை எடுத்து வைத்தேன். பழக்க தோஷத்தில், "அமிலமும் காரமும் சேர்ந்தா?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்க, "ஜீரோ!" என்றது. எஸ்தர் தலை குனிந்தாள்.

"தப்பு" என்றேன். "நான் உங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்தேன். ஆசிட் பட்டா முதல்ல தண்ணி, நிறைய தண்ணி, ஊத்திக்கிட்டே இருக்கணும். அதுக்கு மேல எதையும் வைக்கக் கூடாது. ஏன்னு இப்ப எல்லாரும் தொட்டுப் பாருங்க."

சோதனைக் குழாயில் ஒன்றோடு ஒன்றைக் கலந்து, வெளிப்பக்கத்தைத் தொடச் சொல்லி முதல் பெஞ்சிலிருந்து நீட்டினேன். எஸ்தர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

"குடுங்க இங்க" என்று அந்தம்மா இடது கையை நீட்டினார். குழாயை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"ஆமா, சுடுது" என்றார். "துளியூண்டு ஊத்தினதுக்கே சுடுது."

பிறகு மகளின் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து இழுத்து, அந்தக் குழாயின் மேல் வைத்து அழுத்தினார்.

"பாத்துக்கினியா? இதுதான்டி சுட்டுது. நீ சுடல."

எஸ்தர் அப்போதுதான் அழுதாள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், அம்மா தோளில் முகத்தை வைத்து, வாய்விட்டு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய சமன்பாடு எழுதி, உப்பு கூட்டல் நீர் என்று முடிக்கும் இடத்தில் நிறுத்தாமல், அதற்குப் பக்கத்தில் '+ வெப்பம்' என்று சேர்த்தேன். எழுத இரண்டு நொடிகூட ஆகவில்லை.